பனிக்குப் புள்ளி போட்டவர்

இரத்தினசிங்கம் இருபத்தெட்டு வருடம் பனியோடு சண்டை பிடித்துச் சம்பளம் வாங்கியவர். ஆனால் வானத்திலிருந்து பனி விழுந்ததை அவர் ஒரு நாளும் கண்டதில்லை.

அவர் வேலை செய்தது மெல்பேர்ணின் ஓரத்தில், ட்ருகனினாவில் உள்ள ஒரு குளிர்க் களஞ்சியத்தில். உள்ளே ஒரு விமானத்தை நிறுத்தலாம், அவ்வளவு பெரிய மண்டபம். எந்நேரமும் மைனஸ் இருபத்திரண்டு. பட்டாணியும் மீனும் ஐஸ்கிறீமும் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கும். குளிரை உண்டாக்குவது பெரிய வித்தை இல்லை என்று அவர் காணுகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். வித்தை முழுவதும் கதவில் இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் வெளிக்காற்றும் கூடவே போகிறது. அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் நீர் இருக்கிறது. அது மண்டபத்திலேயே மிகக் குளிரான இடத்தைத் தேடிப் போகும். அந்த இடம் கூரையோடு தொங்கும் குளிர்க் குழாய்கள். அங்கே போய், தண்ணீராக ஒரு கணம்கூட இருந்து பார்க்காமல், நேரே பனியாக ஒட்டிக்கொள்ளும். காலையில் ஒரு கிராம், மத்தியானம் ஒரு கிலோ. பின்னேரம் பார்த்தால் குழாய்கள் வெள்ளைப் போர்வை போர்த்துக்கொண்டு நிற்கும். போர்வை போர்த்தவனின் சூடு வெளியே வராதது போல, போர்வை போர்த்த குழாயின் குளிரும் வெளியே வராது.

ஆகவே ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அந்தக் குழாய்களை வேண்டுமென்றே சூடாக்கி, பனியை உருக்கி, ஒரு வடிகாலால் வெளியே அனுப்ப வேண்டும். குளிருக்காகக் கட்டிய இடத்தில் ஒரு நாளைக்கு நாலு தடவை சூடு வைப்பது. அந்த வேலையின் அழகே அதுதான் என்பது அவருடைய கருத்து. வடிகால் உறைந்துபோனால் இரத்தினசிங்கத்தைக் கூப்பிடுவார்கள். அவர் இரண்டு ஜக்கெற் போட்டு, சுரண்டியை எடுத்துக்கொண்டு, ஏணியில் ஏறுவார்.

ஒக்டோபரில் அவர் ஓய்வு பெற்றபோது கூட வேலை செய்தவர்கள் ஒரு சுரண்டியில் அவருடைய பெயரைப் பொறித்துப் பரிசாகக் கொடுத்தார்கள்.

அவருடைய மனைவி சத்தியபாமா ஸ்பிரிங்வேலில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் சமைக்கிறவர். அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. மேலே இருந்து பனி விழ வேண்டும், கீழே தான் நிற்க வேண்டும். மெல்பேர்ணுக்கு வந்த முதல் டிசம்பரில், வெளியே முப்பத்தொன்பது பாகை கொளுத்திக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பாமா முதலில் கேட்டார். "ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்," என்று இரத்தினசிங்கமும் சொன்னார்.

கூட்டிக்கொண்டு போகாமலும் இல்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன், குளிர்காலத்தில், ஒரு யூலை மாதம், மூன்று மணித்தியாலம் கார் ஓடி மலைக்குப் போனார்கள். அன்று வானத்தில் ஒரு மேகம் இல்லை. சறுக்குப் பாதையில் கிடந்தது இயந்திரம் துப்பிய பனி. தண்ணீரைக் காற்றோடு அழுத்தி, ஊசித் துவாரத்தால் குளிருக்குள் பீச்சினால், தரையைத் தொடுவதற்கு முன் அது உறைந்துவிடும். இரத்தினசிங்கம் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் நின்று, அதை இயக்கியவரிடம் அழுத்தம் எவ்வளவு, துவாரம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாமா காருக்குள் இருந்து புளிச்சாதம் சாப்பிட்டார். "நல்ல பனி," என்று திரும்பி வரும்போது இவர் சொன்னார். "உங்களுக்கு," என்றார் பாமா.

இந்த வருடம் எல்லாம் கூடி வந்தது. இவருக்கு ஓய்வு. பாமாவின் நிலையத்துக்கு சனவரியில் மூன்று கிழமை பூட்டு. மகள் ராகவியின் சிநேகிதி ஒருத்தி பயண முகவர் நிலையத்தில் வேலை செய்தாள். இரண்டு கிழமை வரைக்கும் எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் இரண்டு இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருந்தாள். எந்த நாடு என்பதுதான் தெரியவில்லை.

குளிர் நாடுகளில் அவர்களுக்கு மூன்று வீடுகள் இருந்தன. ரொறன்ரோவில் பாமாவின் அண்ணன் ஜெயரட்ணம். ஒஸ்லோவில் பாமாவின் தம்பி சுகிர்தன். சூரிச்சில் இரத்தினசிங்கத்தின் தங்கை தர்ஷனா. மூன்று பேரும் இருபது வருடமாக, ஒவ்வொரு தொலைபேசி அழைப்பின் முடிவிலும், "ஒருக்கா வாங்கோவன்," என்று சொல்லித்தான் வைப்பார்கள்.

"ஆரிட்டப் போனாலும் மற்ற ரெண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைச்சிருப்பினம்," என்றார் பாமா. குசினி மேசையில் தாயும் தகப்பனும் மகளும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒஸ்லோவும் சூரிச்சும் பக்கத்திலதானே அம்மா. ரெண்டையும் விசிட் பண்ணலாமே," என்றாள் ராகவி. அவள் இயன்முறை மருத்துவர். எந்தப் பிடிப்பையும் இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்யலாம் என்று நம்புகிறவள்.

"பத்து நாள் அங்க, பத்து நாள் இங்க எண்டா ரெண்டு வீட்டுக்கும் கோவம். ரொறன்ரோக்கு ரெண்டு மடங்கு கோவம். கெல்லிவில் கலியாணம் மறந்து போச்சே?"

யாரும் மறக்கவில்லை. சிட்னிக்கு ஒரு கலியாணத்துக்குப் போய், கெல்லிவில்லில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கியதற்காக, அடுத்த தெருவில் இருந்த மற்றச் சொந்தக்காரர் எட்டு வருடமாகக் கதைப்பதில்லை.

இரத்தினசிங்கம் கோப்பையை வைத்தார். "இதுக்கு ஒரு வழி இருக்கு. நாங்கள் ஆளைத் தெரிவு செய்யேல்லை, பனியைத் தெரிவு செய்யிறம். மூண்டு ஊர்ப் பனிக்கும் புள்ளி போடுவம். எது கூடவோ அங்க போவம். தோத்தவை வானத்தோட கோவிச்சுக்கொள்ளட்டும்."

"ஓ மை கோட்," என்றாள் ராகவி.

மூன்று நாளில் படிவம் தயாரானது. மொத்தம் நூறு புள்ளி. எழுதும்போதே அவருக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. பனி என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு குடும்பம் என்று கண்டுபிடித்திருந்தார். நல்ல குளிரில் விழுவது மாவு போல உலர்ந்தது, ஊதினால் பறக்கும். பூச்சியத்துக்குக் கிட்ட விழுவது ஈரமானது. கோட்டில் ஒட்டி, உருகி, ஆளை நனைக்கும். எது எந்த வகை என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. புதிதாக விழுந்த பனியை அமத்தாமல் பத்துக் கோப்பை அள்ளி, உள்ளே கொண்டுவந்து உருக விட வேண்டும். சாதாரணப் பனி என்றால் ஒரு கோப்பைத் தண்ணீர் வரும். மற்ற ஒன்பது கோப்பையும் வெறும் காற்று. மிக உலர்ந்தது என்றால் ஒன்றுக்கும் குறைவு. சொதசொத பனி என்றால் இரண்டு வரும். இந்தச் சோதனைக்கு முப்பது புள்ளி.

மிதிக்கும்போது சத்தம் வருகிறதா என்பதற்குப் பத்து. மைனஸ் பத்துக்குக் கீழே போனால் பனித் துகள்கள் காலடியில் உருகி வழுக்காமல் ஒன்றோடொன்று உராய்ந்து உடையும். அதுதான் அந்த நறநறப்பு. யன்னலருகே கதிரை போட்டு இருந்து பார்க்க வசதி உண்டா என்பதற்கு இன்னொரு பத்து. உறைமழை உண்டென்றால் பதினைந்து புள்ளி கழிவு. உறைமழை என்பது பூச்சியத்துக்குக் கீழே போயும் தண்ணீராகவே விழும் மழை. எதைத் தொடுகிறதோ அதன்மேல் கண்ணாடியாக உறையும், அந்த எது மனிதன் நிற்கும் படியாகவும் இருக்கலாம். கடைசியாக ஒரு படம் அனுப்ப வேண்டும்: கறுப்புத் துணியில் ஒரு பிடி பனி, மிகக் கிட்டவாக.

பாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார்.

"ஒண்டை விட்டிட்டியள்."

"என்ன?"

"வெளியில நிண்டு விறைச்சுப் போய் உள்ள வந்தா, தேத்தண்ணி ஆர் போட்டுத் தாறது? அதுக்கும் ஒரு பத்துப் புள்ளி வையுங்கோ."

"அது வானிலை இல்லையப்பா. வானத்திலயிருந்து விழுறதுக்கு மட்டும்தான் புள்ளி."

"நூறு விழுந்து என்ன, தேத்தண்ணி இல்லையெண்டா?"

"பாமா, இது விஞ்ஞானம்."

பாமா கண்ணாடியைக் கழற்றினார். இரத்தினசிங்கம் படிவத்தின் அடியில் ஏழாவது விதியைச் சேர்த்தார்: 'பொய்யான தகவல் தருவோர் நீக்கப்படுவர்.' பிறகு மூன்று வீட்டுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினார்.

ரொறன்ரோவிலிருந்து அன்றே குரல் செய்தி வந்தது. ஜெயரட்ணம் வீடு விற்று வாங்கும் முகவர். எதைச் சொன்னாலும் விற்பது போலத்தான் சொல்லுவார். "மச்சான், முப்பத்தஞ்சு சென்ரிமீற்றர். நேற்று மட்டும். பவுடர். உன்ர கோப்பைச் சோதினை செய்தனான், ஒண்டுக்குக் கொஞ்சம் குறையத்தான் வந்தது. பனி அள்ளச் சவள் போட்டுப் போட்டு நாரி முறிஞ்சு போச்சு. நான் வாசலைத் துப்பரவாக்கிப் போட்டு உள்ள வர, நகரசபை வண்டி வந்து ரோட்டுப் பனியெல்லாத்தையும் என்ர வாசல்ல குவிச்சிட்டுப் போகும். நீ வந்தாத் தெரியும்." படத்தில் பனிக்குள் ஒரு அடிமட்டம் நேராக நின்றது. ஒவ்வொரு துகளும் ஆறு கைகளோடு, பிசகில்லாமல் இருந்தது. உறைமழைக்குக் கழித்தும் எண்பத்தொன்று.

தர்ஷனா ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. அவளுடைய பதில்கள் நோயாளியின் அட்டையில் எழுதுவது போல இருந்தன. 'நகரத்தில் விழுந்தால் மத்தியானத்துக்குள் சேறு. நல்ல பனி மலையில். றெயினில் ஒன்றரை மணி. சத்தம்: மலையில் உண்டு, வீட்டு வாசலில் இல்லை.' அறுபத்தாறு.

ஒஸ்லோவிலிருந்து நாலு நாள் ஒன்றும் வரவில்லை. சுகிர்தன் அங்கே ட்ராம் ஓட்டுகிறவன். ஒரு நிமிடம் பிந்தினாலும் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டுப் பழகியவன். அவன் நாலு நாள் பிந்தினான். ஐந்தாம் நாள், ஒரு பிழை திருத்தம்கூட இல்லாத அழகான கையெழுத்தில் படிவம் வந்தது. நறநறப்பு: மிக நன்று. யன்னல்: இரண்டு, ஒன்றில் கதிரை போட்டாயிற்று. உறைமழை: இல்லவே இல்லை. கறுப்புத் துணியில் ஒரு குவியல் வெள்ளை.

"தொண்ணூறுக்கு மேல போகும் போல கிடக்கு," என்றார் பாமா. அவருடைய குரல் ஒரு படி ஏறியிருந்தது. "தம்பீட்டத்தான் போறம் என்ன?"

கோப்பைச் சோதனையில் சுகிர்தன் எழுதியிருந்த எண்ணை இரத்தினசிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துக் கோப்பைப் பனிக்கு ஆறு கோப்பைத் தண்ணீர்.

ஆறு வராது. எந்த வானத்திலிருந்து விழுந்தாலும் ஆறு வராது. புதிதாக விழுந்த பனியில் அவ்வளவு தண்ணீர் இருந்தால் ஒஸ்லோக்காரர்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள்.

"ஒஸ்லோ பரிசீலனையில இருக்கு," என்றார்.

சனிக்கிழமை காலை அவர் ரொறன்ரோவைக் கூப்பிட்டார். அங்கே வெள்ளி பின்னேரம்.

"மச்சான், இப்போதைக்கு நீதான் முன்னுக்கு நிக்கிறாய்."

"அது எனக்குத் தெரியும்," என்றார் ஜெயரட்ணம். "எப்ப வாறியள்?"

"சனவரி ரெண்டாந் திகதி. மூண்டு கிழமை."

"சனவரியிலயோ? சனவரியில நாங்கள் ஃபுளோரிடா எல்லோ. வருசா வருசம் போறனாங்கள். அதாலை ஒண்டும் இல்லை, திறப்பைப் பக்கத்து வீட்டுக்காரனிட்டக் குடுத்திட்டுப் போறன். நீங்கள் வந்து வடிவா நில்லுங்கோ. சவள் கராஜுக்குள்ள கிடக்கு. வாசலை மட்டும் ஒவ்வொரு நாளும் காலமை ஒருக்கா..."

"இருபது வருசமா வா வா எண்டு கூப்பிட்டியே."

"கூப்பிட்டனான்தான். கோடைக்கு வருவியள் எண்டு நினைச்சன். குளிருக்குள்ள ஆராவது வருவினமே? உனக்கென்ன விசரே?"

அவர் அழைப்பை முடித்துத் திரும்பியபோது பாமா பின்னால் நின்றார். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

தர்ஷனாவிடம் கேட்டதற்கு அவள் வழக்கம் போல நேராகச் சொன்னாள். "வாங்கோ அண்ணை. ஆனா எனக்கு லீவு இல்லை, கொட்டிலும் சின்னன். மலையில நல்ல ஹோட்டல் இருக்கு, நான் புக் பண்ணித் தாறன். ஒரு ஞாயிறு வந்து பாக்கிறன்."

மிச்சமிருந்தது ஒஸ்லோ.

மத்தியானம் வெளியே நாற்பத்தொரு பாகை. ஏசி தன் பெலத்துக்கு முனகிக்கொண்டிருந்தது. ராகவி சுகிர்தனின் படத்தைத் தொலைக்காட்சித் திரையில் பெரிதாகப் போட்டாள். இரத்தினசிங்கம் தன் பெயர் பொறித்த சுரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, பாடம் எடுக்கிறவர் போலத் திரைக்கு முன்னால் நின்றார்.

"இஞ்ச பாருங்கோ. வானத்தில பனி உண்டாகிறது ஒரு தூசியைச் சுத்தி. அந்தரத்தில தொங்கிக்கொண்டு வளருது. பிடிக்க இடமில்லாதபடியா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளரும். ரொறன்ரோப் படத்தில பாத்தீங்கள்தானே, ஆறு கை. இதில கை எங்க?" சுரண்டியின் நுனி குவியலின் ஓரத்தில் நின்றது. "இது ஊசி ஊசியா, எல்லாம் ஒரே பக்கம் பாத்து நிக்குது. ஏனெண்டா இதுக்கு வேர் இருந்தது. ஒரு சுவரில ஒட்டி வளந்தது. இந்தத் துண்டைப் பாருங்கோ, ஒரு பக்கம் தட்டை. தட்டையில கோடு கோடா வரி. வானத்தில வரி போட்ட சுவர் இருக்கே?"

"வாட் ஆர் யூ சேயிங், அப்பா?"

"உது பிறீசர் பனி. இருபத்தெட்டு வருசம் சுரண்டினனான். எனக்குத் தெரியாதே?"

பாமா எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார். "உதென்ன பச்சையா, மூலையில?"

"பைன் மரத்து இலையாக்கும்."

"பைன் இலை ஊசி மாதிரி இருக்கும். உது கறிவேப்பிலை."

ராகவி படத்தை இன்னும் பெரிதாக்கினாள். கறிவேப்பிலைதான். பாதி இலை, நடு நரம்போடு, பனிக்குள் பத்திரமாக உறைந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், வெள்ளையோடு வெள்ளையாக ஒளித்துக்கொண்டு, துருவிய தேங்காய்ப்பூவும் இரண்டு துணுக்குக் கிடந்தது.

ராகவி சிரிக்கத் தொடங்கி, சோஃபாவில் சரிந்து, அந்த நிலையிலேயே தொலைபேசியைத் தட்டினாள். "ஒஸ்லோ. பிளஸ் ஃபைவ். மழை. நாளைக்கும் மழை. ரெண்டு கிழமையா மழை. அப்பா, இந்த வெதர் ஆப்பை முதலே பாத்திருக்கலாம்."

"அது விமான நிலையத்து அளவு. எனக்கு வீட்டு வாசல் அளவு வேணும்," என்றார் இரத்தினசிங்கம். ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. படிவத்தை எடுத்தார். ஏழாம் விதி அவருடைய கையாலேயே எழுதியது. "பொய்த் தகவல். நீக்க வேண்டியதுதான்."

பாமா திரையைப் பார்த்தபடியே இருந்தார். "நீக்குங்கோ," என்றார். "அவன் ரெண்டு தரம் இஞ்ச வந்து எங்கட ஹோலில பாய் போட்டுப் படுத்தவன். நான் அவன்ர வீட்டுக் கதவு என்ன நிறம் எண்டுகூட அறியேல்லை. அவன் அங்க போய் இருபத்தேழு வருசம். நீக்குங்கோ, உங்கட றூல்தானே. நாங்கள் ரொறன்ரோக்குப் போய் ஆரும் இல்லாத வீட்டு வாசலைக் கூட்டுவம்."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

இரத்தினசிங்கம் பேனையை எடுத்து ஒஸ்லோவின் பெயருக்கு மேலே வைத்தார். ஆனால் கோடு போடுவதற்கு முன், பழக்க தோசத்தில், மனம் கணக்குப் பார்த்தது. பத்துக் கோப்பை. வீட்டுப் பிறீசர் ஒன்றின் சுவரில் பிடிக்கும் பனி ஒரு விரல் தடிப்பு. அதை இப்படித் துகளாக எடுப்பதென்றால் கத்தி சரிவராது, கட்டியாக உடையும். கரண்டியால், மேலிருந்து கீழாக, மெதுவாகச் சுரண்ட வேண்டும். பத்து நிமிடத்தில் விரல் விறைக்கும். கையைச் சூடாக்கிக்கொண்டு திரும்ப வர வேண்டும். ஒரு தட்டுக்கு அரைக் கோப்பை வந்தால் பெரிய காரியம். முதல் நாள் சுரண்டியது போதாமல், திரும்பப் பனி பிடிக்கும் வரை காத்திருந்து, மறுபடியும் சுரண்டியிருப்பான். நாலு நாள் ஏன் பிந்தினான் என்று இப்போது விளங்கியது.

அதோடு இன்னொன்றும் விளங்கியது. சுரண்டியெடுத்ததை உருக வைத்து, ஆறு கோப்பை என்று வந்ததை, ஆறு என்றே உண்மையாக எழுதியிருக்கிறான். பொய் சொல்லவும் ஒழுங்காகத் தெரியாதவன்.

ட்ருகனினாவில் அந்த வேலைக்கு ஆள் பிடிப்பதே பாடு. இரட்டிப்புச் சம்பளம் என்றாலும் முகத்தைச் சுளிப்பார்கள். சம்பளம் இல்லாமல் ஒரு மனிதன் பத்துக் கோப்பை பிறீசர் பனி சுரண்டியதை இரத்தினசிங்கம் தன் தொழில் வாழ்க்கையில் கேள்விப்பட்டதே இல்லை.

பேனையை மூடினார். பின்னேரம் ஏழு மணிக்கு, ஒஸ்லோவில் காலை ஒன்பதாக இருக்கும்போது, வீடியோவில் கூப்பிட்டார்.

சுகிர்தன் உடனே எடுத்தான். ட்ராம் சீருடையில் இருந்தான். அவனுக்குப் பின்னால் சுவரில் இரண்டு தடித்த ஜக்கெற் தொங்கின. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. இரண்டின் கையிலும் கடையின் விலைச் சிட்டை ஆடிக்கொண்டிருந்தது. கீழே இரண்டு சோடிச் சப்பாத்து. போன வருடம் எதற்கென்று சொல்லாமல் கால் அளவு கேட்டது இரத்தினசிங்கத்துக்கு ஞாபகம் வந்தது.

"அத்தான், படிவம் கிடைச்சதுதானே? ஏதும் விடுபட்டுப் போச்சே?"

"எல்லாம் வடிவா நிரப்பியிருக்கிறீர். ஒரு கேள்விதான். உம்மட பிறீசர் வாங்கி எத்தினை வருசம்?"

சுகிர்தன் கண்ணை இமைத்தான். அவனுக்குப் பின்னால் யன்னலில் மழை அடித்தது நன்றாகக் கேட்டது. அவன் கையை நீட்டித் திரைச்சீலையை இழுத்து மூடினான்.

"பன்ரெண்டு, பதின்மூண்டு இருக்கும். ஏன் அத்தான்?"

"கதவு றப்பர் போயிட்டுது. நல்ல றப்பர் எண்டா அவ்வளவு பனி பிடிக்காது. கதவுக்கு நடுவில ஒரு கடுதாசியை வைச்சு மூடிப் போட்டு இழுத்துப் பாரும். சுகமா வந்தா, அந்த இடத்தால காத்துப் போகுது எண்டு அர்த்தம். காத்தோட தண்ணியும் போகும்."

சுகிர்தனின் முகம் கறுத்து, பிறகு சிவந்து, பிறகு கீழே குனிந்தது.

"எப்பிடிப் பிடிச்சனீங்கள்?"

"நான் தட்டைப் பக்கத்தைப் பாத்தனான். உம்மட அக்கா கறிவேப்பிலையைப் பாத்தவ."

"கறிவேப்பிலையோ?" அவன் தலையில் கை வைத்தான். "அரிச்சுப் போட்டுத்தான் எடுத்தனான் அத்தான். போன வருசம் இந்த நேரம் முழங்கால் அளவு கிடந்தது. இந்த வருசம் பாத்து... பெரியண்ணை வீட்டில முப்பத்தஞ்சு சென்ரிமீற்றர் எண்டு குறூப்பில போட்டிட்டார். நான் என்னத்தைப் போடுறது, குடையையோ?"

குசினியிலிருந்து பாமா வந்து கதவு நிலையில் நின்றார். கையில் துடைத்த பாத்திரம் இருந்தது.

"சரி, முடிவைக் கேளும்," என்றார் இரத்தினசிங்கம். படிவத்தைக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். "பனி, பூச்சியம். நறநறப்பு, பூச்சியம். யன்னல் மட்டும் பத்துக்குப் பத்து."

"ஏழாம் விதியை வாசிச்சனான் அத்தான்," என்றான் சுகிர்தன். "பெரியண்ணையிட்டப் போங்கோ. அங்க நல்ல பனி."

"பொறும், முடியேல்லை. எட்டாவதா ஒண்டு பிந்திச் சேத்திருக்கு." அவர் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். "வெளியில நிண்டு விறைச்சு உள்ள வந்தால் தேத்தண்ணி ஆர் போட்டுத் தாறது? இதுக்கு எண்பது புள்ளி. ரொறன்ரோவில ஆளில்லை, அதுக்குப் பூச்சியம். சூரிச்சில ஹோட்டல், அதுக்கும் பூச்சியம். உம்மட பதில் என்ன?"

"நான் போடுவன் அத்தான்," என்றான் சுகிர்தன். "நான் லீவு போட்டிட்டன். உங்களுக்கு ஓய்வு எண்டு கேட்ட உடன, ஒக்டோபரிலயே போட்டிட்டன்."

"அப்ப தொண்ணூறு. ரொறன்ரோ எண்பத்தொண்டு. கணக்குச் சரி."

"பத்துப் புள்ளிதான் கேட்டனான்," என்றார் பாமா கதவு நிலையிலிருந்து.

"பத்து வைச்சா ரொறன்ரோ வெல்லும். நான் போட்டுப் பாத்தனான்." இரத்தினசிங்கம் திரும்பாமலே சொன்னார். "தம்பி, கேளும். பிறீசரின்ர மொடல் நம்பரை எனக்கு அனுப்பும். றப்பர் நான் இஞ்ச வாங்கிக்கொண்டு வாறன். ஆனா நாங்கள் வரும் வரைக்கும் அதை உருக்கிப் போடாதையும். அங்க மழை எண்டா, உம்மட அக்காவுக்குக் காட்ட அதுதான் இருக்கு. நீர் கதிரையில ஏறி நிண்டு மேலயிருந்து தூவும், அவ கீழ நிக்கட்டும்."

ராகவி மறுபடியும் சோஃபாவில் சரிந்தாள்.

"ஆனா நான் முழுக்கச் சுரண்டிப் போட்டன் அத்தான்," என்றான் சுகிர்தன் கவலையாக. "சுவர் இப்ப வெறுமையா இருக்கு. சனவரிக்குள்ள திரும்பப் பிடிக்குமோ?"

இரத்தினசிங்கம் ஒரு கணம் சுரண்டியைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைக் கிட்டக் கொண்டுவந்து, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாதது போலக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளாந்தம் ஒரு கிண்ணத்தில கொதிதண்ணி உள்ள வைச்சுக் கதவைச் சாத்தும். ஆவி போய்ச் சுவரில ஒட்டும். ஒரு கிழமையில ரெண்டு விரல் தடிப்பு."

இருபத்தெட்டு வருடத்தில் எவருக்கும் அவர் சொல்லியிராத ஆலோசனை அது.

"கறிவேப்பிலையை வேற தட்டில வைக்கச் சொல்லுங்கோ," என்றார் பாமா.